டேசனுக்குப் போற வழி

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஆளுநர் ஹாரிஸ், சென்னை ரயில்வே கம்பெனி, உயரமான தூண்கள், 2005ல் புதுப்பித்தது எல்லாம் வரிசையாக வந்துவிடும். வண்டியில ஏறினது யாரு? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. தூணுக்குக் கிடைத்த பக்கங்கள் சனங்களுக்குக் கிடைக்கவில்லை.

கேட்கிறவர்களும் ஒரு தயார் பதிலோடு வருகிறார்கள். மூன்றாம் வகுப்பில் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ரயில் சாதியைத் தளர்த்திவிட்டது என்பார்கள். 1853லேயே மார்க்ஸ், ரயிலோடு வரும் நவீனத் தொழில் சாதிக்கு ஆதாரமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எழுதினார். நம் இடதுசாரித் தோழர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதை நாமும் மறுக்க வேண்டாம். டிக்கெட்டுக்குச் சாதி தெரியாது. காசு கொடுத்தவன் ஏறலாம். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மீதிப் பாதி எங்கே என்று அம்பேத்கர் காட்டியிருக்கிறார். 1901ல், ஒன்பது பத்து வயசில், அப்பாவைப் பார்க்க அண்ணன் முதலானவர்களோடு சதாரா பக்கமிருந்து மசூருக்கு ரயிலில் போனார். வண்டிக்குள் தொல்லை எதுவும் இல்லை. முதல் ரயில் பயணம், பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மசூரில் இறங்கிய பிறகுதான் நிலைய அதிகாரி நீங்க யாரு என்று கேட்கிறார். மகர் என்று சொன்னதும் அவர் முகமே மாறிப்போகிறது. வெளியே மாட்டு வண்டிகள் நிற்கின்றன, ஏற்றிக்கொள்ள ஒருத்தனும் இல்லை. கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வண்டிக்காரன் கூடவே நடந்து வருகிறான். கையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ரயில் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த அனுபவத்தை ஓர் உருக்கமான அடிக்குறிப்பாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கோ ஆய்வை எங்கே தொடங்க வேண்டும் என்பதையே அது சொல்வதாகப் படுகிறது. பயணம் பெட்டியில் தொடங்கவில்லை, சேரியில் தொடங்குகிறது. சேரிக்கும் டேசனுக்கும் நடுவில் ஊர் இருக்கிறது. அந்த ஊர்த் தெருவில் நடக்க எப்போது உரிமை வந்தது? பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தது 1924ல். ரயில் ஓடத் தொடங்கி 68 வருஷம் கழித்து. அதுவும் காகிதத்தில்! வாலாஜா வரை தண்டவாளம் போட ஆன காலத்தையும், சேரியிலிருந்து டேசன் வரை நடக்க ஆன காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காட்டுப்பள்ளிக்கு வருவோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும். ரயில் பாதை தண்ணீருக்கு அந்தாண்ட, அத்திப்பட்டு, மீஞ்சூர் வழியாகப் போகிறது. கால்வாயின் பேர் 1878ல் வந்தது, பஞ்ச நிவாரண வேலையாகச் சனங்களை வைத்து வெட்டியபோது கவர்னராக இருந்தவர் பேர். வெட்டினவர்கள் பேர் எதற்கும் வைக்கப்படவில்லை. இந்தப் பக்கத்து மீன்காரருக்கும் இருளருக்கும் உப்பளத்துக் கூலிக்கும் ரயிலேறுவது என்றால் முதலில் தண்ணீரைத் தாண்டுவது. நிலையங்களின் பட்டியலை வைத்து எழுதினால் இப்படிப்பட்ட ஊர் வரலாற்றிலேயே இருக்காது. எண்ணூர்த் துறைமுகம் 2001ல் இயங்க ஆரம்பித்தது, காட்டுப்பள்ளித் துறைமுகம் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வந்தது. அத்திப்பட்டிலிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்கு இருப்புப் பாதையும் போய்விட்டது. அது சரக்குக்குப் போட்டது, ஆளேற அல்ல. ஆளுக்கு வராத ரயில் நிலக்கரிக்கு வந்ததே, அது ரயில் வரலாறு இல்லையா?

திராவிட இயக்க எழுத்தும் இந்த விஷயத்தில் பாதியில் நின்றுவிடுகிறது. ரயில்வே உணவுச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்தது. பெரியார் கிளர்ச்சி செய்து, 1941ல் அது ஒழிந்தது. நல்ல காரியம், வாழ்த்துவோம். ஆனால் அந்த ‘மற்றவர்’ பக்கத்தில் சேரிக்காரனுக்கு இலை போட்டார்களா என்று அவர்களும் கேட்டு எழுதவில்லை.

இன்னொன்று, எல்லாரும் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை. 1909ல் ஒகில் சந்திர சென் என்ற பயணி பலாப்பழம் தின்று வயிறு உப்பி, ஒதுங்கப் போய் வண்டியைத் தவறவிட்டாராம். அவர் எழுதிய புகார்க் கடிதத்தால்தான் பெட்டிகளில் கக்கூசு வந்ததாம். அந்தக் கக்கூசிலிருந்து விழுந்ததைத் தண்டவாளத்திலிருந்து வாரினது யார்? 2014ல் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் மனிதர் மலம் அள்ளுவதை ஒழிக்கக் காலவரையறையோடு வழி செய் என்று ரயில்வேக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஒரு கடிதத்துக்குச் சிரித்திருக்கிறோம்.

ஆவணம் இல்லையே, டிக்கெட்டில் சாதி எழுதவில்லையே என்பார்கள் ஆய்வாளர்கள். கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறதே! 1860ல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கிளம்பிய ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கூலியாகப் போனவர்களின் பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஊர் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ரயில் பாதையோரத்து ஊர்களை அந்தப் பட்டியலில் தேடலாம். கிராம வரைபடத்தில் ஊரையும் சேரியையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறான். ஒரு அடிக்கோலை வைத்து இரண்டிலிருந்தும் டேசனுக்கு எவ்வளவு தூரம், எந்தத் தெரு வழியாக என்று அளந்து பார்க்கலாம். பேசின் பாலம், பெரம்பூர் யார்டுகளில் பெட்டி கழுவி ஓய்வுபெற்றவர்கள் வடசென்னையில்தான் இருக்கிறார்கள். இந்த இதழை வாசிக்கிற மாணவர்கள் லைப்ரரிக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்குப் போய் உக்காரட்டும்.