தட்டு போடுகிறவர்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஒரகடத்தைத் தாண்டும்போது, கல்யாண மண்டப வாசல்களில் கட்டியிருக்கும் விளம்பரப் பதாகைகளை வாசித்துக்கொண்டே போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. மணமக்களின் படம், வாழ்த்தும் நண்பர்களின் நீண்ட ஜாபிதா, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மாலை டி.ஜே. இசை நிகழ்ச்சி.' டி.ஜே. என்பதில் முதல் எழுத்து தட்டைக் குறிப்பது. 'டிஸ்க் ஜாக்கி' என்றால் தட்டின் மேல் சவாரி செய்கிறவர் என்று வைத்துக்கொள்ளலாம். மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தால் அந்த வாலிபரிடம் மருந்துக்கும் ஒரு தட்டு இல்லை. ஒரு லாப்டாப், பொத்தான்களும் இரண்டு வட்டங்களும் பதித்த ஒரு பெட்டி, காதில் ஒரு ஹெட்போன். குதிரை போய்விட்டது; ஜாக்கி மிஞ்சியிருக்கிறார். நம் ஊர் 'ரிக்கார்டு டான்ஸ்' என்ற பெயரும் இந்த ஜாதிதான். ரிக்கார்டு காணாமற்போய் எத்தனையோ வருஷமாகியும் டான்ஸ் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

தட்டா, டிஜிட்டலா என்று பாட்டு போடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. சென்னையில் வசதியுள்ள வீடுகளில் இப்போது மறுபடியும் தட்டு சுழல ஆரம்பித்திருக்கிறது. அமெரிக்காவில் 2020-ல் வினைல் தட்டுகளின் விற்பனை வருமானம் ஸி.டி.யின் வருமானத்தைத் தாண்டிவிட்டது. புதுத் தட்டு ஒன்று இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்கள் சொல்லும் முதல் வாதம், "நாதம் அதில்தான் இருக்கிறது" என்பது. இந்த வாதத்தை முதலில் தீர்த்துவிட்டு மேலே போகலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால், என் அபிப்பிராயத்தில், அதில் சாரம் கொஞ்சம்தான்.

நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்கு ஒரு பொட்டு கூடுதலாகச் சுற்றும் பெரிய தட்டில், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது இருபது சென்டிமீட்டர் சொச்சமாகக் குறுகிவிடும். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு முதல் பாட்டைவிடச் சற்று மங்கலாகத்தான் கேட்கும். தூசி படிந்தால் பொரியும். வெயிலில் வைத்தால் வளையும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஒரு இழை தேயும். ஸி.டி.யிலோ விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். எண் தேயாது. இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் 2022-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லலாம். மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனி, பழைய மூல நாடாவிலிருந்தே வெட்டியவை என்று ரஸிகர்கள் தலையில் வைத்துக் கூத்தாடிய தட்டுகளைப் போட்டு வந்தது. அவற்றில் பலவற்றுக்கு நடுவே ஒரு டிஜிட்டல் பிரதி இருந்தது என்பதைக் கம்பெனிப் பொறியாளர்களே அந்த வருஷம் ஒப்புக்கொண்டார்கள். அதுவரையில் லட்சக்கணக்கில் பணம் செலவழித்துக் காதைத் தீட்டி வைத்திருந்த ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காது இப்படிச் சாட்சி சொன்ன பிறகு நாதத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

தட்டு நமக்கு என்ன செய்தது என்பது வேறு விஷயம். 1902-ல் கெய்ஸ்பர்க் என்ற துரை கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது மூலப் பதிவு ஜெர்மனியில் உள்ள ஹானோவருக்குக் கப்பலேறிப் போய், தட்டாக அச்சாகித் திரும்பி வரவேண்டும். 1908-ல்தான் கல்கத்தாவில் தொழிற்சாலை வந்தது. அந்தத் தட்டுக்குரிய அரக்கோ நம் தேசத்துக் காடுகளில் பூச்சி கட்டியது. மூலப்பொருளும் நம்முடையது, பாட்டும் நம்முடையது. யந்திரமும் லாபமும் அவர்களுடையவை.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தோடியை விரிக்கிறவர் மூன்று நிமிஷத்துக்குள் தோடியைக் காட்டவேண்டும். சங்கீதத்தைக் கொன்றுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். சுருக்கிச் சொல்லக் கற்றுக்கொடுத்தது என்று வேறு சிலர். சிறுகதை எழுதிப் பழகிய எனக்கு இரண்டாவது கட்சியின் மேல் கொஞ்சம் சாய்வு உண்டு.

இந்த வழக்குக்கு நம் ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்த ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. காஞ்சீபுரம் தனகோடி அம்மாள் ஆரம்ப காலத்திலேயே தட்டில் பாடியவர். அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளின் பிள்ளைதான் நாயனாப் பிள்ளை. லயத்தில் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை வைத்துக்கொண்டு பல்லவி பாடியவர். அவர் தட்டில் பாட மறுத்துவிட்டார். அந்த முழு மேடைக் கச்சேரியை மூன்று நிமிஷத்துக்குள் எப்படி மடிப்பது என்று நினைத்தாரோ என்னவோ! 1934-ல் காலமானார். தனகோடி அம்மாளின் குரல், கரகரவென்ற இரைச்சலுக்கு அடியில் என்றாலும், பிழைத்துக் கிடக்கிறது. பிள்ளையின் சங்கீதம் அவருடைய சிஷ்யர்களின் வழியாகவும், கேட்டவர்கள் சொன்ன கதைகளின் வழியாகவும்தான் நமக்குத் தெரியும். மறுத்ததில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அவருடைய பல்லவியில் மூன்று நிமிஷம், தேய்ந்துபோன மூன்று நிமிஷமாவது கிடைத்தால், இன்று எந்த ரஸிகர் வேண்டாம் என்பார்?

சபைக் கச்சேரியை விட்டுத் தெருவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 'டி.ஜே.' என்ற பேர் இல்லாமலே அந்தத் தொழிலை ஆயிரக்கணக்கான பேர் செய்தார்கள். மைக்செட்காரர் என்றோ ரேடியோ செட்காரர் என்றோ அவர்களைச் சொல்லுவோம். ஒரு ஆம்ப்ளிஃபயர், பனைமரத்திலோ வேப்பமரத்திலோ ஏற்றிக் கட்டிய இரண்டு குழாய், தட்டு சுற்றும் ஒரு பெட்டி, தகரப் பெட்டியில் அடுக்கிய ரிக்கார்டுகள். இதுதான் ஆஸ்தி. 1980-களின் கடைசியில், காஸெட் வந்துவிட்ட பிறகும் தட்டை விடாத ஒருவரை எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் சிறு பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். தட்டை விளிம்பில் மட்டும் பிடிப்பார். பட்டுத் துணியால் ஒரு தடவை துடைப்பார். யாராவது பையன் கிட்டே போனால், "டேய், மூச்சு விடாதேடா, எச்சி தெறிக்கும்" என்று அதட்டுவார்.

அவருடைய பெட்டியில் ஐம்பது அறுபது தட்டுக்கு மேல் இராது. அதில்தான் அவர் ஒரு நாளைக் கட்டவேண்டும். விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு. பிறகு டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டுக்கள். ஆடி மாதமானால் கூழ் கொதிக்கும் நேரத்தில் எல்.ஆர். ஈஸ்வரி. கல்யாண வீடானால் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது ஒன்று. பெண் வீட்டார் புறப்படும்போது இன்னொன்று. சாவு விழுந்த தெருவின் வழியாக ஊர்வலம் போனால் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார், யாரும் சொல்லவேண்டாம். இதை வெறும் யந்திரம் ஓட்டும் வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பத்திராதிபர் கதைகளை அடுக்குகிற மாதிரியான வேலை.

அதற்காக அந்தக் காலத்தைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. விடியற்காலை நாலரை மணிக்கு அவர் ஒருவருடைய ருசியை ஊர் முழுவதும் கேட்டுத் தீரவேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, காய்ச்சலில் கிடக்கும் கிழவி, யாரும் தப்ப முடியாது. 2000-ஆம் வருஷம் வந்த ஒலி மாசு விதிகள், பொதுவாக இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்றதை நான் வரவேற்கிறேன். குழாயை எந்தத் திசையில் திருப்பிக் கட்டுவது என்பதில்கூடச் சண்டை நடந்த ஊர்கள் உண்டு. எந்தத் தெருவில் எந்தப் பாட்டைப் போடலாம் என்பதும் ஜாதி விவகாரமாக இருந்தது. ஆனால் ஒன்று. குழாயைத் திருப்பிக் கட்டினாலும் சத்தம் திருப்பின இடத்தோடு நிற்பதில்லை. கோவிலுக்குள் விடாதவர்களின் காதிலும் கோவில் பாட்டு போய் விழுந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை உரக்கச் சொன்னதாக வழங்கும் ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்பது இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது.

மேல்நாட்டு டி.ஜே.க்களின் கதை வேறு. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்டில் கூல் ஹெர்க் என்ற ஜமெய்க்கா வாலிபர் ஒரு விருந்துக்குப் பாட்டு போட்டார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் கூட்டம் குதிப்பதைப் பார்த்து, ஒரே தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு அந்த இடத்தையே மாற்றி மாற்றி நீட்டினார். தட்டு சுற்றும் பெட்டி அங்கே வாத்தியமாகிவிட்டது. விரல் நுனியால் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு பாட்டின் தாளத்தோடு இன்னொன்றைச் சேர்ப்பது பல வருஷ அப்பியாசம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் இரண்டு தாளமும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். பழைய கைகளுக்கு ஆறுதலாக ஒரு விசித்திரத் தட்டையும் செய்தார்கள். அதில் பாட்டே கிடையாது. ஊசி எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு சங்கேத ஒலி மட்டும் இருக்கும். சுழல்வது தட்டு, பாடுவது கம்ப்யூட்டர். மூலவர் இல்லாத கோவிலுக்குத் தேர் இழுப்பது போல எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தட்டை வைத்து வித்தை காட்டுகிறவரின் விரல்கள் நிஜமான விரல்கள்தாம், அதையும் சொல்லவேண்டும்.

இப்போது நம் சாலைக்குத் திரும்பலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை திறந்தது, 2014-ல் மூடியது. மைக்செட்காரரின் தகரப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் அடக்கிய சாதனம் இங்கேதான் பெண்களின் கையால் கோக்கப்பட்டது. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் கோத்துக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள். ஒருகாலத்தில் நம் பாட்டு ஹானோவருக்குப் போய்த் தட்டாகத் திரும்பி வந்தது. இன்று ஊரார் பாட்டுக்கெல்லாம் பெட்டி இங்கிருந்து போகிறது. யந்திரம் இடம் மாறிவிட்டது. லாபத்தைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்லத் தைரியமில்லை.

கோக்கிற பெண்கள் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே பஸ்ஸில் நாற்பது பேர், நாற்பது பாட்டு. தருமபுரிப் பெண்ணுக்கு இளையராஜா, ஜார்க்கண்டுப் பெண்ணுக்கு அவள் ஊர்ப் பாட்டு. பொதுவாகக் கேட்பது போய்விட்டதே என்று அங்கலாய்க்கிறவர்களைக் கேட்கிறேன்: எட்டு மணி நேரம் அடுத்தவர் போட்ட வேகத்துக்குக் கை ஓடிய பெண், அரைமணி நேரம் தனக்குப் பிடித்ததைத் தனியாகக் கேட்டால் என்ன குற்றம்? இந்த விஷயத்தில் நான் டிஜிட்டல் கட்சி. ஒரிஸ்ஸாத் தொழிலாளிக்கு ஒரு ஒரியப் பாட்டு போடவேண்டுமானால், மைக்செட்காரரின் ஐம்பது தட்டில் அதற்கு வழியே இருந்திராது.

என் குறை மண்டபத்து டி.ஜே.யின் மேல்தான். அவரிடம் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. போடுவது முப்பது பாட்டு. அதே முப்பது, எல்லா மண்டபத்திலும். ஐம்பது தட்டு வைத்திருந்தவர் ஒரு நாளைக் கட்டினார். கோடிப் பாட்டு வைத்திருக்கிறவரால் இரண்டு மணி நேரத்தைக் கட்ட முடியவில்லை. ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்ததைத் தூக்கி மேலே போடுகிறார். பல்லவி வந்தால் சரணம் வருவதில்லை. சௌகரியம் அதிகமானதால் வந்த சோம்பல் என்று முதலில் நினைத்தேன். ஒருவரிடம் பேசியபோது வேறு காரணம் தெரிந்தது. "சார், ஆட்டம் ஒரு நிமிஷம் நின்னாலும் காண்டிராக்டர் வந்து முறைப்பாரு. எனக்குப் புடிச்சதைப் போட்டு நான் சம்பளத்தை விடணுமா?" என்றார் அந்தத் தம்பி. மைக்செட்காரருக்கு யந்திரம் சொந்தம், தட்டு சொந்தம். பெரிசுகள் முறைத்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல முடிந்தது. இவருக்குப் பெட்டி வாடகை, சம்பளம் ராத்திரிக்கு ராத்திரி. தட்டா டிஜிட்டலா என்ற வழக்கில் இந்தக் கணக்கை யாரும் சேர்ப்பதில்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பட்டறையில் ஆயுத பூஜை. பொரி கடலை கொடுத்தாகிவிட்டது. டி.ஜே. தம் முப்பதில் பாதி தூரம் வந்திருந்தார். வெல்டிங் வேலை பார்க்கும் ஒரியப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணா, ஒண்ணு" என்று தன் செல்போனை நீட்டினான். மேஸ்திரி அந்தச் சமயம் வாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். டி.ஜே. வயரைக் கழற்றி அந்தப் போனில் சொருகினார். ஒரு சம்பல்பூர்ப் பாட்டு. ஆறேழு பேர் மூலையிலிருந்து எழுந்து வந்தார்கள். கால் மாற்றி மாற்றி அவர்கள் ஆடின ஆட்டம் எங்களில் யாருக்கும் தெரியாது. முதல் சரணத்தில் வெட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு, பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, பாட்டு முடிகிற வரையில் நின்றார்.