திருத்தப்பட்டவள்

என் தங்கையின் கல்யாண ஆல்பத்தில் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை அச்சு அசலாக இருக்கிறது. அவள் முகம்தான் வெளுத்திருக்கிறது.

லைட்ரூம் மென்பொருள் நிறங்களை 8 ஆகப் பிரிக்கிறது. மனிதத் தோல், கறுப்போ வெளுப்போ, பெரும்பாலும் ஆரஞ்சில் அடங்கிவிடும். அதன் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் தோல் வெளுக்கும், புடவை மாறாது. மாப்பிள்ளையும் கறுப்புதான். அவரைத் தனியே ஒதுக்கி அப்படியே விட்டிருக்கிறார்கள்.

கோடாக் நிறுவனம் ஃபோட்டோ லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் தோலே அளவுகோல். நம்மூர் ஸ்டுடியோ இதைக் ‘கலர் கரெக்‌ஷன்’ என்கிறது. எது பிழையென்று திருத்தினார்கள்?

புடவையின் நிறம் மாறியிருந்தால் சண்டை போட்டிருப்போம். அவள் நிறம் மாறியதை யாரும் கேட்கவில்லை. “நல்லா வந்திருக்கு” என்றவர்களில் நானும் ஒருத்தி.