பெயரும் பச்சிலையும்: தமிழ் மூலிகை நூல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

மூலிகைகளை வளர்க்கவும் பயன்படுத்தவும் விரும்பும் ஒருவர் தமிழில் நூல் தேடப் புகுந்தால், நூற்பஞ்சம் அவருக்குத் தடையாக இருப்பதில்லை. வாகடங்கள், நிகண்டுகள், குணபாடங்கள், அகராதிகள், சிறு கைந்நூல்கள் எனப் பலவும் கிடைக்கின்றன. ஆயினும், இவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு வேலியோரத்துக்கோ குளக்கட்டுக்கோ சென்று, 'இதுவே அச்செடி' என ஐயமறச் சுட்ட முடியுமா? சுட்டிய பின்னர், அதனைத் தோட்டத்திற் பயிரிடும் முறையை அந்நூலிலிருந்து அறிய முடியுமா? இவ்விரு வினாக்களுக்கும் பெரும்பாலான நூல்கள் மௌனமே சாதிக்கின்றன. இம்மௌனம் எவ்வாறு தோன்றியது, அதனால் விளையும் தீங்கு யாது, அதனைப் போக்கும் வழி யாது என்பன ஆராயத்தக்கன.

ஈழத்துத் தமிழ் மருத்துவ நூல்களுள் செகராசசேகரமும் பரராசசேகரமும் முதன்மையாக வைத்து எண்ணப்படுவன. யாழ்ப்பாண அரசரின் பட்டப்பெயர்களைத் தாங்கிய இந்நூல்கள் நெடுங்காலம் வைத்தியர் வீடுகளில் ஏட்டுச்சுவடிகளாக வழங்கி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையா பிள்ளையின் முயற்சியால் அச்சுருப் பெற்றன. நோய்களின் குறிகுணங்களையும், அவற்றுக்குரிய குடிநீர், சூரணம், எண்ணெய், லேகியம் முதலியவற்றையும் இவை செய்யுளிற் கூறுகின்றன. குடிநீர் ஒன்றைக் கூறுமிடத்துச் சரக்குகளின் பெயர்கள் அடுக்கி வரும், அளவு வரும், நீர் வற்ற வேண்டிய பங்கும் வரும். ஆனால் அச்சரக்கைத் தரும் செடியின் இலை எவ்வடிவினது, பூ எந்நிறத்தது, காய் எவ்வாறு அமைந்தது என்பன வருவதில்லை.

இதனை நூலாசிரியரின் குறையாகக் கொள்வது வரலாற்றுணர்வற்ற தீர்ப்பாகும். அச்செய்யுள்கள் நினைவுக்குத் துணையாக எழுந்தவை. மாணாக்கன் ஆசானோடு காடும் கரம்பும் திரிந்து, செடியைக் கண்டு, கசக்கி முகர்ந்து, சுவைத்து அறிந்தான். கண் அறிந்ததை ஏடு மீண்டுஞ் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனம் மறக்கக்கூடிய அளவும் சேர்க்கையுமே ஏட்டில் ஏறின. பயிரிடும் முறை இடம்பெறாமைக்கும் இத்தகைய காரணமே உண்டு. வேண்டிய பச்சிலை வேலியிலும் வயல் வரம்பிலும் தானாகவே முளைத்தது. அரியன சில வைத்தியரின் வளவில் நின்றன. ஆகவே பயிர்ச்செய்கை நூற்பொருளாகவில்லை. பறிக்கும் முறையே நூற்பொருளாயிற்று. காப்புக் கட்டல், சாப நிவர்த்தி, வேரறாமற் பிடுங்கல் முதலிய விதிகள் இதற்குச் சான்று. இவற்றோடு, மருத்துவம் குடும்பச் சொத்தாகப் பேணப்பட்டமையும், பரிபாஷைப் பெயர்களால் மறைக்கப்பட்டமையும் சேர்த்து நோக்கத்தக்கவை. சுருங்கக் கூறின், ஏட்டில் இருந்தது அறிவின் ஒரு பாதி. மறுபாதி ஆசானின் கண்ணிலும் கையிலும் இருந்தது.

ஆசான் - மாணாக்கன் தொடர்பு நிலைத்திருந்த வரையில் அப்பாதி நூலே போதுமானதாயிருந்தது. மேனாட்டு மருத்துவத்தின் பரவலும், வைத்தியர் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடியமையும் அத்தொடர்பை நலியச் செய்தன. 1983 முதல் 2009 வரை வடக்குக் கிழக்கிற் பல ஊர்கள் இடம்பெயர்ந்தபோது, செடி நின்ற வளவும் அதனை அறிந்த முதியவரும் ஒருங்கே பிரிந்தனர். மறுபுறம், 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்துக்கும் சட்ட ஏற்பளித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இற் சித்த மருத்துவக் கல்வி தொடங்கியது. இவ்வாறு நிறுவனக் கல்விக்குள் வந்த மாணவர் பலர் செடியைக் காணுமுன் அதன் பெயரையே சந்திக்கின்றனர். சிக்கல் இங்குதான் தொடங்குகின்றது.

தமிழ் நிகண்டு மரபில் மரப்பெயர்த் தொகுதி ஒரு தனிப் பகுதி. ஒரு மரத்துக்குப் பல பெயர்களையும், வேறொரு பகுதியில் ஒரு பெயருக்குப் பல பொருள்களையும் நிகண்டு தரும். புலவனுக்கு இது செல்வம். மருந்து செய்பவனுக்கோ இடர். 'குமரி' என்பது கற்றாழை என அறியாதவன் செய்யுளின் முன் திகைத்து நிற்பான். அவ்வாறு திகைப்பதாற் கேடில்லை. அறிந்துவிட்டதாகக் கருதித் தவறான செடியை எடுப்பதே கேடு. 'பிராமி' என்னும் பெயர் ஓரிடத்தில் நீர்ப்பிரமியையும் மற்றோரிடத்தில் வல்லாரையையும் குறிக்கின்றது. இவையிரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். கரிசலாங்கண்ணியில் வெள்ளைப் பூவுடையதும் மஞ்சட் பூவுடையதும் தாவரவியலில் வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்தவை. மஞ்சட் பூவுடையதோடு, அழகுக்காக அமெரிக்காவிலிருந்து கொணரப்பட்டு இன்று இலங்கையின் ஈரநிலங்களிற் படர்ந்துள்ள இன்னோர் இனம் எளிதில் மயங்கும்.

கீழ்க்காய்நெல்லியின் கதை இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டுவது. காமாலைக்கு இதனைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 1988இல் 'லான்செற்' மருத்துவ இதழில் சென்னை ஆய்வாளரின் கட்டுரையொன்று வெளிவந்தது. ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமியைத் தாங்கியவர்களுக்குப் பிலாந்தஸ் அமாறஸ் என்னும் இனத்தின் தூளைக் கொடுத்தபோது, 37 பேரில் 22 பேரின் குருதியில் அக்கிருமியின் அடையாளம் மறைந்தது என்றும், வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது என்றும் அது கூறியது. பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிய இம்முடிவு பிற நாடுகளின் சோதனைகளில் உறுதிப்படவில்லை. 2011இற் சோதனைகளையெல்லாம் தொகுத்து நோக்கிய கொக்கிறேன் மதிப்பீடும் வெற்று மருந்தினும் இது மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்றைக் காணவில்லை. செடி விளைந்த இடமும் பறித்த காலமும் வேறுபட்டமை காரணமாகலாம் என்பது கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று.

நூலாய்வாளருக்கு இங்கு வேறொரு வினாவும் உண்டு. கீழ்க்காய்நெல்லி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் சந்தையில் வழங்குகின்றன. அமாறஸின் காய் மழமழப்பானது. யூரினேரியா என்னும் இனத்தின் காயோ சுரசுரப்பான புடைப்புகள் கொண்டது. அன்றியும், அமாறஸ் அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்தேறியது எனத் தாவரவியலாளர் பலர் கருதுவர். அவ்வாறாயின், ஐரோப்பியர் வருகைக்கு முந்திய செய்யுள்கள் எச்செடியை அப்பெயரால் அழைத்தன? பெயர் நிலைத்திருக்கப் பொருள் மாறிவிடக்கூடும் என்பதைச் சொற்பொருள் வரலாறு கற்றவர் அறிவர். மருத்துவ நூலில் அம்மாற்றம் நோயாளியின் உடலைத் தொடுகின்றது.

செடியின் தோற்றத்தை நுணுகி எழுதிய நூல்கள் இலங்கையில் வேறொரு மரபில் எழுந்தன. ஒல்லாந்தர் காலத்திற் போல் ஹேர்மன் இங்கு சேகரித்த தாவரங்களை அடிப்படையாகக் கொண்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். பேராதனைப் பூங்காவை நிறுவிய அலெக்சாண்டர் மூன் 1824இல் ஒரு தாவரப் பட்டியலை வெளியிட்டார். 1893 முதல் 1900 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்த ஹென்றி டிரைமனின் இலங்கைத் தாவரக் கைந்நூல் இம்மரபின் உச்சம். 1896இல் அவர் மறைந்தபின் ஜோசப் ஹூக்கர் அதனை முடித்துவைத்தார். மருத்துவம் பயின்றவரான டிரைமன் செடிகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் குறித்தமை நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும், அப்பெயர்கள் உரோம எழுத்தில் அமைந்தமையால் ல, ள, ழ வேறுபாடுகள் மங்கிவிட்டன. அவற்றை வழங்கியவர் எவ்வூரினர், என்ன நோய்க்குப் பயன்படுத்தினர் என்பனவும் பெரும்பாலும் பதிவாகவில்லை. ஆட்சியாளரின் தேவைக்கு எழுந்த அறிவியலில் உள்ளூர் வைத்தியன் தகவல் தருபவனாக மட்டுமே நின்றான். இங்கும் அறிவின் ஒரு பாதியே கிடைக்கின்றது. ஆனால் அது ஏட்டில் இல்லாத பாதி.

இவ்விரு பாதிகளையும் இணைக்க முயன்ற நூல்கள் சில உள. க. ச. முருகேச முதலியாரின் குணபாட மூலிகை வகுப்பு பயன்படும் உறுப்பு, சுவை, தன்மை, செய்கை என ஒழுங்குபடுத்தித் தாவரவியற் பெயரையும் தருகின்றது. தமிழ்ச் சித்த மருத்துவக் கல்விக்கு இதன் தொண்டு பெரிது. ஆயினும் பெயரைத் தருவது வேறு, அப்பெயருக்குரிய செடியை நிறுவுவது வேறு. தி. வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி தனிமனித உழைப்பின் வியத்தகு விளைவு. ஒரு சொல்லுக்கு வழங்கும் பல பொருள்களையும் அது மறைக்காமல் அடுக்குகின்றது. அவற்றுட் பொருந்துவதைத் தெரியும் பொறுப்பு வாசகனுக்கே விடப்படுகின்றது. இலங்கை மாணவருக்கு மிகப் பயன்படுவது டி. எம். ஏ. ஜயவீர எழுதி 1981 - 82இல் ஐந்து பகுதிகளாக வெளிவந்த இலங்கை மருத்துவத் தாவர நூலே. செடியின் வருணனை, படம், பரம்பல், இரசாயனக் கூறு, பயன் ஆகியன அதில் ஒருசேர உள்ளன. ஆனால் அது ஆங்கில நூல். பயன் கூறுமிடத்து அது மரபு வழக்கைத் தொகுக்கின்றதேயன்றி அளந்து பார்ப்பதில்லை.

அளந்து பார்க்கும் நோக்கின் இன்றியமையாமையை இரு நச்சுச் செடிகளால் விளக்கலாம். கார்த்திகைப்பூவின் கிழங்கு கொடிய நஞ்சு. அது சில மணி நேரத்திலேயே தன் வேலையைக் காட்டும். ஆதலால் மரபு அதனை நன்கு அறிந்திருந்தது. சுத்தி செய்யாமற் சேர்க்கலாகாது என எச்சரித்தது. ஈசுரமூலியின் நிலை வேறு. சிங்களத்திற் சப்சந்த எனப்படும் இக்கொடியும், ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டலோக்கியா சாதியின. இச்சாதியிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைத் தூள் உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் செயலிழந்தமை 1993இல் அறிவிக்கப்பட்டது. சேர்க்க வேண்டிய ஹான் ஃபாங் ஜிக்குப் பதிலாக, பெயரால் ஒத்த குவாங் ஃபாங் ஜி என்னும் அரிஸ்டலோக்கியா சேர்ந்தமையே காரணம். 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இச்சாதி சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பிற் சேர்த்தது. இத்தீங்கு வெளிப்பட ஆண்டுகள் செல்லும். இன்று உண்ட மருந்தையும் பல ஆண்டுகள் கழித்து வந்த நோயையும் தனியொரு வைத்தியரின் அனுபவம் தொடர்புபடுத்தியிருக்க இயலாது. உடனே கொல்லும் நஞ்சை மரபு அறியும். மெல்லக் கொல்லும் நஞ்சை அறியும் கருவி அதனிடம் இருக்கவில்லை. பழைய நூல்களை எச்சரிக்கைக் குறிப்பின்றி அப்படியே மறுபதிப்புச் செய்வோரும், அவற்றைச் சுருக்கிக் கைந்நூல் எழுதுவோரும் இதனை உணர்தல் வேண்டும். தொன்மை ஒரு மருந்தின் குற்றமின்மைக்குச் சான்றாகாது.

பயிரிடுதல் பற்றிய மௌனமும் இன்று பொறுக்கத்தக்கதன்று. இலை பறிக்கும் மூலிகை மீண்டும் தளிர்க்கும். வேர் தோண்டும் மூலிகை அத்தோடு மடியும். நன்னாரி வேரைக் காட்டிலேயே தோண்டிக்கொண்டிருந்தால் அது அருகும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆடாதோடையும் கற்பூரவள்ளியும் தண்டுத் துண்டால் எளிதில் வேர்கொள்வன. வல்லாரை ஓடுதண்டாற் பரவும், ஈரநிலம் வேண்டும். ஆனால் அது மண்ணிலுள்ள கனவுலோகங்களை ஈர்க்க வல்லதாகையால், கழிவுநீர் தேங்கும் பள்ளத்தில் வளர்ந்த வல்லாரை மருந்தாகாது. சித்தரத்தை கிழங்குத் துண்டாலும், தூதுவளை வித்தாலும் தண்டாலும் வளர்க்கப்படுவன. இத்தகைய செய்திகள் தோட்டக்காரரிடம் உள. மருத்துவ நூல்களிற் காண்பது அரிது. தோட்டத்தில் வளர்ப்பதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. பூவும் காயும் வரும் வரை ஒரே செடியைத் தொடர்ந்து காண்பதால் அதன் அடையாளம் உறுதிப்படுகின்றது. ஆசானோடு திரிந்து பெற்ற கண்ணறிவை ஓரளவேனும் ஈடுசெய்யக்கூடியது இதுவே. இவ்வகையில் ஹல்துமுல்லை, கனேவத்தை ஆகிய இடங்களிலுள்ள மூலிகைத் தோட்டங்களும், பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரமும் நூல்களுக்கு இணையான மூலங்களாகக் கொள்ளத்தக்கன.

ஆகவே மூலிகை பற்றி அறியப் புகுவோர் எந்நூலையும் தனித்துப் படித்தலாகாது. செய்யுளை அதன் பாடபேதங்களோடு படித்து, பெயரைத் தாவர நூலோடு ஒப்பிட்டு, செடியைப் பதப்படுத்திய மாதிரியோடு பொருத்தி, பயனைச் சோதனை முடிவுகளோடு எடைபோட்டு, இந்நான்கும் இணங்கிய பின்னரே ஒரு முடிவுக்கு வருதல் முறை. இந்நான்கையும் ஒரே இடத்தில் தரும் நூலொன்று தமிழுக்கு உடனடித் தேவை. ஒவ்வொரு மூலிகைக்கும் அதன் பழஞ்செய்யுள், ஊர் தோறும் வழங்கும் பெயர்கள், மயங்கும் செடிகள், தோற்றம், வளர்ப்பு முறை, நிறுவப்பட்ட பயன், நிறுவப்படாத பயன், தீங்கு என்பன அதில் வகுத்துரைக்கப்படுதல் வேண்டும். தமிழ்த்துறை, தாவரவியற்றுறை, சித்த மருத்துவத்துறை ஆகிய மூன்றும் கூடினாலன்றி இப்பணி நிறைவேறாது. பச்சிலையின் பெயரோடு அதன் அடையாளத்தையும் சொல்லக்கூடிய முதியவர்கள் ஊர்களில் இன்னும் சிலர் வாழ்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவது பல்கலைக்கழகங்களின் கடமையாகும்.