பொப் பாடலும் பழஞ்செய்யுட் கோலமும்

இக்கால ஆங்கிலப் பொப் பாடல்களை எலிசபெத் காலச் செய்யுளாக மாற்றி எழுதுதல் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ஒரு தனி எழுத்துவகையாகவே வளர்ந்துள்ளது. எரிக் டிட்ரிக்சன் 2015இல் வெளியிட்ட 'பொப் சொனற்றுகள்' இவ்வகையிற் பெரிதும் அறியப்பட்டது. நூறு பாடல்கள் அதில் சேக்ஸ்பியர் கையாண்ட பதினான்கடி வடிவத்தைப் பெற்றுள்ளன. இதனை வேடிக்கை என ஒதுக்குதல் எளிது. ஆயின், சிரிப்பு எங்கிருந்து பிறக்கின்றது என வினவும்போது, இலக்கியத் தராதரம் பற்றிய சமூகக் கருத்தொன்று அதன் அடியிற் கிடப்பதைக் காண்கிறோம்.

இம்முறைக்கு முன்னோடிகள் உளர். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஸ்ரீவ் அலன் றொக் பாடல் வரிகளைக் கவிதைபோலப் பாவனையோடு வாசித்துக் காட்டினார். அங்கு எள்ளப்பட்டது பாடலே. 1965இல் பீற்றர் செல்லர்ஸ், பீற்றில்ஸ் குழுவினரின் பாடலொன்றை லோரன்ஸ் ஒலிவியரின் மூன்றாம் றிச்சட் பாணியில் ஒப்புவித்தார். அங்கு மேடைப் பெருமிதமும் நகைப்புக்குள்ளாயிற்று. உத்தி ஒன்றே, அது தாக்கும் திசை வேறு.

மாற்றி எழுதும்போது பாடல் இழப்பது யாது? பொப் பாடலின் உயிர், மீண்டும் மீண்டும் வரும் பல்லவியிலும் தாளத்திலும் குரலிலும், பலர் கூடிப் பாடுவதிலும் உள்ளது. சொனற்றோ மூன்று நாலடிப் பகுதிகளில் ஒரு கருத்தை வளர்த்து, இறுதி ஈரடியில் முடிப்பது. ஒரே வரி திரும்பத் திரும்ப வர அங்கு இடமில்லை. ஆகவே பாடலின் கூட்டுத்தன்மை நீங்கி, சொற்பொருள் மட்டும் எஞ்சுகின்றது. இசையை அகற்றிய பின்னர், சொல் மெலிந்திருக்கிறதே என நகைப்பது நேர்மையான மதிப்பீடாகாது.

மறுபுறம், 'பழமையின் மேன்மை' என்பதும் வரலாற்றில் உருவானதே. சொனற் இத்தாலியிலிருந்து எட்டாம் ஹென்றியின் அரசவையினர் வழி ஆங்கிலத்துக்கு வந்தது என்பது உண்மை. ஆனால் சேக்ஸ்பியரின் வருவாய், ஒரு பென்னி கொடுத்து நின்று பார்த்தோரும் நிறைந்த வணிக அரங்கிலிருந்தே பெரிதும் வந்தது. 1616இல் பென் ஜோன்சன் தம் நாடகங்களையும் சேர்த்துப் 'படைப்புகள்' என்ற தலைப்பில் வெளியிட்டபோது எள்ளலுக்கு ஆளானார். இன்று கம்பீரமாய் ஒலிக்கும் 'தௌ' என்ற முன்னிலைச் சொல், அன்று நெருங்கியோரையும் கீழோரையும் விளிக்கும், நமது 'நீ' போன்றதொரு சொல்லே. அச்சும் கல்வியும் காலமும் வழங்கிய மதிப்பை, மொழியின் இயல்பான உயர்வெனக் கொள்ளுதல் தவறு.

1711இல் அடிசன் நாட்டார் கதைப்பாடலொன்றைப் பாராட்ட விரும்பி, அதனை வேர்ஜிலின் காவியத்தோடு ஒப்பிட்டார். மக்கள் பாடல் மதிப்புப்பெற உயர்ந்தோர் சான்று வேண்டும் என்ற எண்ணம் அங்கும் செயற்பட்டது. பொப் சொனற்றின் வாசகரும் அதே எண்ணத்துக்கு ஆட்படக்கூடும்.

எனினும் இம்முயற்சியை முற்றாக நிராகரிப்பது எமது நோக்கமன்று. பரீட்சை மண்டபத்தில் அஞ்சிக் கற்ற வடிவத்தை, எவரும் எடுத்து விளையாடக்கூடிய கைவினையாக அது மாற்றுகின்றது. காதலும் பொறாமையும் தற்பெருமையும் இருபாலார்க்கும் பொதுவே என்பதையும் உணர்த்துகின்றது. செவ்விலக்கியத்தைச் சூழ்ந்துள்ள அச்சத்தைக் குலைக்கும்வரை இச்சிரிப்பு முற்போக்கானது. பாடுவோரையும் கேட்போரையும் தாழ்த்தும்போது பிற்போக்கானது. பொப் பாடலுக்கு வேண்டியது பழைய ஆடையன்று. இசையையும், அதனை விற்பனைப் பண்டமாக்கும் உற்பத்தி முறையையும் ஒருங்கே நோக்கும் விமர்சனமே.