பிளாக் சப்பாத்: மறுஇணைவும் டிரம்மர் மாற்றமும்

பிளாக் சப்பாத், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1968-ல் உருவான ராக் இசைக்குழு. ஹெவி மெட்டல் என்னும் இசைவகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 2011-ல் இக்குழுவின் தொடக்ககால உறுப்பினர்கள் நால்வரும் மீண்டும் இணைவதாக அறிவித்தனர். சில மாதங்களிலேயே டிரம்மர் பில் வார்ட் இல்லாமல் குழு தொடர்ந்தது. ஒலிப்பதிவில் பிராட் வில்க்கும் மேடையில் டாமி க்ளூஃபெடோஸும் அவருடைய இடத்தில் வாசித்தனர்.

இந்த மாற்றம் பெரும்பாலும் ஒப்பந்தச் சண்டையாகவே பேசப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பதே விவாதத்தின் மையமாக இருந்தது. இசையின் பக்கமிருந்து பார்த்தால் கேள்வி வேறு. ஒரு குழுவில் டிரம்மர் தாளத்தைக் காப்பவர் மட்டும்தானா, அல்லது பாடலை ஆக்கியவர்களில் ஒருவரா? பிளாக் சப்பாத்தின் பதிவுகள் இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகின்றன.

பின்னணி

பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, பேஸ் கிட்டார் கலைஞர் கீஸர் பட்லர், டிரம்மர் பில் வார்ட் ஆகிய நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில், தொழிலாளர் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு இரண்டாவது ஆல்பமான ‘பாரனாய்ட்’ வந்தது. 1978 வரை இந்த நால்வரும் எட்டு ஆல்பங்களை வெளியிட்டனர். 1979-ல் ஓஸி நீக்கப்பட்டார்.

வார்டின் இடத்தில் பிறர் வாசிப்பது 2012-ல் முதல்முறையாக நிகழ்ந்தது அல்ல. 1980-ல் சுற்றுப்பயணத்தின் நடுவே அவர் விலகியபோது வின்னி அபிஸ் வந்தார். 1983-ல் ‘பார்ன் அகெய்ன்’ ஆல்பத்தில் வார்ட் வாசித்தார். ஆனால் அதற்கான சுற்றுப்பயணத்தில் பெவ் பெவன் வாசித்தார். 1997-ல் ஓஸியுடன் குழு மீண்டும் மேடை ஏறியபோது முதலில் மைக் போர்டின் வாசித்தார். அவ்வாண்டு டிசம்பரில் பர்மிங்காமில் நடந்த நிகழ்ச்சிகளில்தான் வார்ட் சேர்ந்துகொண்டார். அந்த நிகழ்ச்சிகளின் பதிவு 1998-ல் ‘ரீயூனியன்’ என்ற பெயரில் வெளியானது. 1998 மே மாதம் வார்டுக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது அபிஸ் மீண்டும் கைகொடுத்தார்.

எனவே வார்ட் இல்லாத பிளாக் சப்பாத் ரசிகர்களுக்குப் பழக்கமானதுதான். ஆயினும் 2012-ன் மாற்றம் இரண்டு வகையில் வேறுபட்டது. அது ‘நால்வரும் சேர்கிறார்கள்’ என்ற வாக்குறுதியுடன் தொடங்கியது. வாசிக்க விரும்புவதாக வார்ட் சொல்லிக்கொண்டிருந்தபோதே அது நிகழ்ந்தது.

வார்டின் வாசிப்பு

வார்ட் ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். ஜீன் க்ரூப்பா, பட்டி ரிச் ஆகியோரின் தாக்கத்தை அவரே குறிப்பிட்டுள்ளார். பின்னாளில் வந்த மெட்டல் குழுக்களின் டிரம்ஸ் இயந்திரத்தைப் போன்ற சீரான அடியை நோக்கி நகர்ந்தது. வார்டின் வாசிப்பு அப்படிப்பட்டதல்ல. அதில் ஜாஸுக்குரிய ஊசலாட்டம் உண்டு. முதல் ஆல்பம் உருவான நாட்களில் பதிவான ‘விக்கெட் வேர்ல்ட்’ ஜாஸ் நடையிலேயே தொடங்குகிறது.

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ‘பிளாக் சப்பாத்’ பாடல் மூன்று சுரங்களால் ஆன மெதுவான கிட்டார் வரிசையின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னும் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிகளை வார்ட் ஒரே சீரான அடியால் நிரப்புவதில்லை. டாம்டாம்களில் உருளும் அடிகளால் கிட்டாருக்குப் பதில் சொல்கிறார். பாடலில் உள்ள அச்சம் கிட்டாரிலிருந்து எந்த அளவு வருகிறதோ, அதே அளவு இந்தப் பதிலிலிருந்தும் வருகிறது.

‘வார் பிக்ஸ்’ பாடலில் இதற்கு நேர்மாறானதைக் கேட்கலாம். ஓஸி பாடும் வரிகளின்போது கிட்டாரும் பேஸும் ஒதுங்கிவிடுகின்றன. ஹை-ஹேட் மட்டும் காலத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. ‘அயர்ன் மேன்’ பாடலோ பேஸ் டிரம்மின் தனி அடிகளுடன் தொடங்குகிறது. கிட்டார் வருவதற்கு முன்பே அந்தப் பாடல் எதுவென்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

வார்டின் வாசிப்பில் குறைகளும் உண்டு. காலப்பிரமாணம் சில இடங்களில் முந்தும், சில இடங்களில் பிந்தும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் இது பிழை. ஆனால் பாடலின் உணர்ச்சிக்கு ஏற்ப அவர் நெருங்குவதும் விலகுவதும் அந்தப் பாடல்களின் அமைப்பிலேயே கலந்துவிட்டது. அவர் தாளத்துக்கு வாசித்தவர் அல்ல, பாட்டுக்கு வாசித்தவர். 1970-களின் ஆல்பங்களில் பாடல்களை ஆக்கியவர்களாக நால்வரின் பெயர்களும் இருப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

அறிவிப்பும் பிரிவும்

2011 நவம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் விஸ்கி அ கோ கோ அரங்கில் நால்வரும் தோன்றினர். ரிக் ரூபின் தயாரிப்பில் புதிய ஆல்பமும், அதைத் தொடர்ந்து உலகச் சுற்றுப்பயணமும் அறிவிக்கப்பட்டன. 2012 ஜனவரியில் ஐயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. ஆல்பப் பணிகள் அவருடைய சிகிச்சைக்கு ஏற்ப இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டன.

2012 பிப்ரவரி தொடக்கத்தில் வார்ட் ஓர் அறிக்கை வெளியிட்டார். தன்னால் கையெழுத்திடத்தக்க ஒப்பந்தம் தரப்படவில்லை என்பது அதன் சாரம். தொடக்ககால உறுப்பினர் ஒருவருக்குரிய மதிப்பை அந்த ஒப்பந்தம் காட்ட வேண்டும் என்று அவர் கோரினார். மற்ற மூவரும் தங்களுக்கு வேறு வழியில்லை என்று கூறிப் பணிகளைத் தொடர்ந்தனர். பின்னாளில் வார்டின் உடல்நிலை ஒரு முழு நிகழ்ச்சியைத் தாங்காது என்று ஓஸி பேட்டியில் கூறினார். 2015-ல் வார்ட் அதற்கு மன்னிப்புக் கேட்கும்படி ஓஸியிடம் பகிரங்கமாகக் கோரினார். காரணம் ஒப்பந்தமா, உடல்நிலையா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவே இல்லை.

ஒலிப்பதிவில் பிராட் வில்க்

‘13’ என்ற ஆல்பம் 2013 ஜூனில் வெளியானது. பிரிட்டனில் ‘பாரனாய்ட்’ ஆல்பத்துக்குப் பிறகு, 43 ஆண்டு இடைவெளியில், குழுவுக்கு மீண்டும் முதலிடம் கிடைத்தது. அமெரிக்காவில் முதலிடம் கிடைத்தது அதுவே முதல்முறை. ஆல்பத்தில் உள்ள ‘காட் இஸ் டெட்?’ பாடலுக்கு 2014-ல் கிராமி விருதும் கிடைத்தது.

ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் டிரம்மரான வில்க் இதில் வாசித்தார். முதல் ஆல்பத்தின் மனநிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது ரூபினின் நோக்கம். ஆல்பத்தின் அமைப்பிலேயே அது தெரிகிறது. முதல் பாடல் பழைய ‘பிளாக் சப்பாத்’ பாடலை நினைவூட்டுகிறது. ‘ட்ஸைட்கைஸ்ட்’ பாடல் ‘பிளானட் கேரவன்’ பாடலின் சாயல் கொண்டது. முதல் ஆல்பம் தொடங்கிய மழை, மணி ஒலியோடு இந்த ஆல்பம் முடிகிறது.

வில்க்கின் வாசிப்பு அடக்கமானது, பிசகில்லாதது. ஆனால் அது கிட்டாரின் பின்னால் செல்லும் வாசிப்பு. பழைய பாடல்களில் கிட்டார் ஒன்றைச் சொன்னால் டிரம்ஸ் மறுத்துப் பேசும், சீண்டும், சில நேரம் முந்திக்கொள்ளும். ‘13’ ஆல்பத்தில் கிட்டார் சொல்வதை டிரம்ஸ் ஆமோதிக்கிறது. இது வில்க்கின் திறமைக் குறைவு அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஓர் ஒலியை மீட்டெடுக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. மீட்டெடுக்க வந்தவர் எதிர்த்துப் பேச முடியாது. இந்த ஆல்பத்தின் பாடல்களை ஆக்கியவர்களாக மூவரின் பெயர்கள் மட்டுமே உள்ளன.

மேடையில் டாமி க்ளூஃபெடோஸ்

க்ளூஃபெடோஸ் 1979-ல் பிறந்தவர். வார்ட் உருவாக்கிய பாடல்களில் பெரும்பாலானவை அவர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டன. ஆலிஸ் கூப்பர், ராப் ஸாம்பி ஆகியோரின் குழுக்களில் வாசித்து, பின் ஓஸியின் தனிக்குழுவில் சேர்ந்தார். 2012 மே மாதம் பர்மிங்காமில் நடந்த நிகழ்ச்சி முதல், 2017 பிப்ரவரி 4 அன்று அதே நகரில் நடந்த இறுதிச் சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி வரை அவரே வாசித்தார்.

அவருடைய அடி வலுவானது, உறுதியானது. சிகிச்சையினூடே வாசித்த ஐயோமிக்கும், குரல் தளர்ந்திருந்த ஓஸிக்கும் அந்த உறுதி தேவைப்பட்டது. அவர் இல்லாமல் அத்தனை நாடுகளில் அத்தனை இரவுகள் குழு தாக்குப்பிடித்திருக்குமா என்பது ஐயமே. இதை அவருக்குரிய பெருமையாகச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நிகழ்ச்சிகளின் ஒரு பகுதி முழுச் சிக்கலையும் காட்டிவிடுகிறது. வார்டின் டிரம்ஸைக் காட்டவே 1970-ல் பதிவான ‘ரேட் சாலட்’ என்ற கருவியிசைப் பாடல் மேடையில் வாசிக்கப்பட்டது. அது க்ளூஃபெடோஸின் நீண்ட தனி வாசிப்பாக விரியும். மற்ற மூவரும் அப்போது ஓய்வெடுப்பார்கள். அதன் முடிவில் ‘அயர்ன் மேன்’ பாடலின் பேஸ் டிரம் அடி தொடங்கும். ஒவ்வோர் இரவும் அரங்கம் ஆர்ப்பரித்தது வார்ட் உருவாக்கிய அந்த அடிக்குத்தான்.

பிற குழுக்களுடன் ஒப்பீடு

1984-ல் டீப் பர்ப்பிள் மீண்டும் இணைந்தபோது அதன் புகழ்பெற்ற ஐவரும் டிரம்மர் இயன் பெய்ஸ் உட்பட முழுமையாகத் திரும்பினர். 2007-ல் லெட் செப்பலின் லண்டனில் ஒரே ஓர் இரவு மேடையேறியபோது, மறைந்த டிரம்மர் ஜான் பான்ஹமின் மகன் ஜேசன் பான்ஹம் வாசித்தார். அங்கே இடம் காலியாக இருந்தது, மகன் வந்து அமர்ந்தார். கேட்பவர் அதை அஞ்சலியாக ஏற்றுக்கொண்டனர். பிளாக் சப்பாத்தில் இடம் காலியாக இல்லை. அதற்குரியவர் உயிரோடு இருந்தார். அதனால் வந்தவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அது அஞ்சலியாக மாறவில்லை.

மதிப்பீடு

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் ஒரே மேடையில் கடைசியாக வாசித்தனர். ‘வார் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்ட்’ என நான்கே பாடல்கள். வார்டுக்கு அப்போது வயது 77. ஓஸி அமர்ந்தபடியே பாடினார். 17 நாட்களுக்குப் பின், ஜூலை 22 அன்று அவர் காலமானார்.

இந்த நிகழ்ச்சியை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகக் கொள்ளலாம். நான்கு பாடல்களை வாசித்தவர் ஐந்தாண்டுச் சுற்றுப்பயணத்தைத் தாங்கியிருப்பார் என்று அது நிரூபிக்கவில்லை. அதே வேளையில், க்ளூஃபெடோஸிடம் இல்லாத தளர்வும் ஊசலாட்டமும் அன்று திரும்பி வந்ததை மறுக்க முடியாது. பாடல்கள் முன்பைவிடத் துல்லியமாக ஒலிக்கவில்லை. நால்வர் ஒருவரையொருவர் கேட்டபடி வாசிப்பதாக ஒலித்தன.

ஆகவே 2012-ன் முடிவு நிர்வாக நோக்கில் வென்றது என்றே கொள்ள வேண்டும். ஆல்பம் முதலிடம் பெற்றது, சுற்றுப்பயணம் நிறைவடைந்தது. அது ‘மறுஇணைவு’ என்ற பெயரில் விற்கப்பட்டதுதான் பிழை. மூவர் இணைந்து, திறமையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லியிருந்தால் வில்க்கையும் க்ளூஃபெடோஸையும் அவர்கள் வாசித்ததைக் கொண்டே மதிப்பிட்டிருக்கலாம். அவர்கள் யாராக இல்லையோ அதற்காக அவர்கள் பழி சுமக்க நேர்ந்தது.

வேறுபாட்டை நேரடியாக அறிய விரும்புவோர் ‘அயர்ன் மேன்’ பாடலின் மூன்று பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்கலாம்: 1970-ன் ‘பாரனாய்ட்’, 1998-ன் ‘ரீயூனியன்’, 2017-ல் வெளியான ‘தி எண்ட்’. மூன்றிலும் கிட்டார் ஒருவருடையது, குரல் ஒருவருடையது. முதல் இரண்டிலும் வார்ட் வாசிக்கிறார், மூன்றாவதில் க்ளூஃபெடோஸ். மாறியது டிரம்ஸ் மட்டும்தான். அதனோடு பாடலின் நடையும் மாறியிருக்கிறது.