உள்வாசல்

எங்கள் பக்கம் நடவு முடிந்து கூலி கைக்கு வந்தால் பெண்கள் இரண்டு காரியம் செய்வார்கள். மளிகைக் கடைக் கடனில் பாதியை அடைப்பார்கள், நாகூருக்குப் போவார்கள். பிள்ளைக்கு முடி இறக்க, காத்துக்கருப்பு அண்டியதற்கு ஓதிப் பார்க்க, புருஷன் குடியை விட வேண்டிக்கொள்ள. கால் வலி என்றால் கால் அச்சுப் போட்ட வெள்ளித் தகடு வாங்கிப் போடுவார்கள். கந்தூரி நாளில் சந்தனக்கூடு பார்க்கக் கைப்பிள்ளையோடு ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பார்கள். இவர்களில் முக்காவாசிப் பேர் முஸ்லிம்கள் இல்லை. சேரிப் பெண்கள், குடியானத் தெருப் பெண்கள், மீனவப் பெண்கள்.

ஏன் அங்கே போகிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஊர்க் கோயிலில் தேர் எந்தத் தெருவுக்கு வரும், வராது என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். தர்கா வாசலில் 'நீ எந்தத் தெரு' என்று கேட்பவர் இல்லை. குளத்தில் இறங்கலாம். யார் கை பட்டாலும் சர்க்கரையும் பூவும் தீட்டாவதில்லை. நாகூரில் நிற்கும் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ராஜாவுக்கும் அதே ஆண்டவர்தான், நாற்று முடிச்சு சுமந்தவளுக்கும் அதே ஆண்டவர்தான்.

இதையெல்லாம் நம்மவர்கள் நிறையவே எழுதியாயிற்று. சாதி கேட்காத வாசல் என்று மேடையில் பேசியாயிற்று. நானும் பேசியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மை. அந்த மிச்சப் பாதியை நாம் ஏன் எழுதாமல் விட்டோம் என்பதுதான் இங்கே என் விமர்சனம். இதில் முதல் குற்றவாளி நான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். டெல்டாவிலேயே வேறொரு சின்ன தர்கா, பெயர் வேண்டாம். அம்மா, அப்பாயி, தம்பி, நான். தம்பிக்குத்தான் காய்ச்சல். வெளி மண்டபம் தாண்டி உள்ளே போனோம். அடக்கத்தலம் இருக்கும் அறை வாசலில் ஒரு மரத் தடுப்பு. மயில்தோகை வைத்திருந்த பெரியவர், "பொம்பளைங்க இங்கயே நில்லுங்கம்மா, பையனை மட்டும் அனுப்புங்க" என்றார். குரலில் கடுமை கிடையாது. ஆறு வயசுப் பயல் தனியாக உள்ளே போனான்; அழுதுகொண்டே திரும்பி வந்தான். அவனைப் பெற்று, மூன்று ராத்திரி தூங்காமல் மடியில் போட்டிருந்தவள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது நான் கேட்டேன், "ஏன் அப்பாயி நம்மள உடல?" அப்பாயி சொன்னது: "ஊர்க் கோயில்ல தெருவுலயே நிப்பாட்டுனான். இங்க இம்புட்டு தூரம் வந்துட்டோம்ல, அது போதாதாடி?"

போதாது அப்பாயி. ஆனால் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்து, மேடையேறிப் பேசக் கற்ற பிறகும் பல வருஷம் சொல்லவில்லை. 'இம்புட்டு தூரம்' விட்டவர்களைக் குறை சொல்லக் கூடாது என்ற நன்றி நாக்கைக் கட்டிப்போட்டது.

கட்டை அவிழ்த்தவர்கள் மும்பைப் பெண்கள். கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்காவில் பெண்களும் உள்ளே போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2012 ஜூனில் பாரதிய முஸ்லிம் மகிளா அந்தோலனைச் சேர்ந்தவர்கள் போனபோது உள்ளறை அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. கேட்டதற்கு நிர்வாகம் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். பெண்கள் கழுத்து அகன்ற ரவிக்கை போட்டுக் குனிகிறார்கள். பெண்களின் பாதுகாப்புக்காகத்தான். முன்பு ஷரீஅத் விதி எங்களுக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொண்டோம்.

மூன்றாவதைத் திரும்பப் படியுங்கள். 'காலங்காலமான வழக்கம்' என்று நமக்குச் சொல்லப்படுவது நம் கண்ணெதிரே செய்யப்பட்ட வழக்கம். நேற்று வரை திறந்திருந்த கதவை இன்று மூடிவிட்டு, மதம் எப்போதும் அப்படித்தான் என்று சாதிக்க முடிகிறது. கஅபாவைச் சுற்றி வரும்போது ஆணும் பெண்ணும் சேர்ந்தே வருகிறார்கள். அஜ்மீர் தர்காவில் பெண்கள் உள்ளே போகிறார்கள். அங்கே இல்லாத விதி மும்பைக் கடலுக்குள் மட்டும் எப்படி முளைத்தது?

நூர்ஜஹான் சஃபியா நியாஸும் ஜாகியா சோமனும் 2014-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் போனார்கள். தடை அரசியல் சட்டத்தின் 14, 15, 25 ஆகிய பிரிவுகளுக்கு விரோதம் என்று 2016 ஆகஸ்ட் 26-ல் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன நிர்வாகம் அங்கே இறங்கிவந்தது; 2016 நவம்பர் 29-ல் பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். ஆனால் அதோடு நிர்வாகம் இன்னொரு ஏற்பாடும் செய்தது: இனி ஆண்களும் சமாதியைத் தொடாமல் தள்ளி நின்றே வேண்ட வேண்டும். பெண்ணுக்குச் சமமாக நிற்க நேர்ந்ததும் 'தொடுவது' என்கிற உரிமையே காணாமல் போயிற்று. நம் ஊரில் சேரி ஆட்கள் இறங்கிவிடுவார்கள் என்று குளத்தையே தூர்க்க விட்டவர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வழக்கம், புனிதம், பாதுகாப்பு, உடம்பின் அசுத்தம். இந்தச் சொற்களை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 1930-ல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கரின் ஆட்கள் கேட்டார்கள். 1939-ல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவின்போது கேட்டார்கள். தலித்துக்கு எதிராகப் பேசப்பட்டபோது ஆதிக்கச் சொல்லாக நம் காதில் விழுந்தது, முஸ்லிம் பெண்ணுக்கு எதிராகப் பேசப்படும்போது மட்டும் 'அவர்களின் உள்விவகாரம்' ஆகிவிடுமா?

1981-ல் மீனாட்சிபுரத்தில் பல நூறு தலித்துகள் இஸ்லாத்துக்குப் போனார்கள். பள்ளிவாசலில் யாரும் யாருக்கும் முன்னால் இல்லை, தோளோடு தோள் ஒரே வரிசை என்பதை அன்றும் இன்றும் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நாம் பார்த்த அந்த வரிசை ஆண்களின் வரிசை. கூடவே மதம் மாறிய பெண்கள் எங்கே நின்றார்கள் என்று நாம் கேட்கவே இல்லை.

வழிபாடு மட்டும் என்றால்கூடப் பொறுக்கலாம், வீட்டிலேயே தொழட்டும் என்பார்கள். பள்ளிவாசல் வழிபாட்டு இடம் மட்டுமா? பல ஊர்களில் ஜமாத் கூடுவது அங்கேதான். தலாக், வரதட்சணை, அடி உதை, ஜீவனாம்சம் எல்லாம் அங்கே பேசப்படும். பேசுபவர்கள் ஆண்கள். யாருடைய வாழ்க்கையோ அவள் உள்ளே வர முடியாது. அவள் சார்பாக அப்பனோ அண்ணனோ போவான். தஞ்சைக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் கண்டுபிடித்த முடிச்சு இதுதான். அதனால்தான் பெண்களுக்கென்று தனி ஜமாத் அமைத்தார். பெண்களுக்கு ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்றார். தீபா தன்ராஜ் 2011-ல் எடுத்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' படம் அந்த ஜமாத்தைப் பற்றியது. வாய்ப்புக் கிடைத்தால் நம் வாசகர் வட்டங்களில் போட்டுப் பார்க்க வேண்டிய படம். பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜி கொடுக்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் சொன்னது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கோர்ட் வாசல் ஏறித்தான் இதைப் பெற வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தவ்ஹீத் அமைப்பினர் தங்கள் பள்ளிவாசல்களில் பெண்கள் தொழ இடம் ஒதுக்குகிறார்கள். அதே அமைப்பினர் தர்கா வழிபாடே கூடாது என்கிறார்கள். தர்காவைக் காப்பவர்களில் சிலரோ பெண்ணை உள்வாசலில் நிறுத்துகிறார்கள். ஒருவர் வாசலைத் திறந்துவிட்டு, அவள் தலைமுறை தலைமுறையாக அழுது தீர்த்த இடத்தைப் பறிக்கிறார். மற்றவர் அந்த இடத்தை வைத்துக்கொண்டு வாசலை அடைக்கிறார். அவளுக்கு என்ன வேண்டும் என்று இருவருமே அவளைக் கேட்பதில்லை. பெண்கள் பள்ளிவாசலுக்கு வர இஸ்லாத்தில் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது. எழுதிக் கொடுத்தது ஊர் ஜமாத் வரை வந்து சேர எத்தனை வருஷம் ஆகும்?

இதை எழுதும்போது ஒரு பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. முஸ்லிம் பெண்ணுக்காகத் திடீரென்று கண்ணீர் விடுகிறவர்கள் நாட்டில் பெருகியிருக்கிறார்கள். 1992 டிசம்பர் 6-ல் மசூதியை இடித்தவர்களின் வாரிசுகள் அவர்கள். 2018-ல் சபரிமலைத் தீர்ப்பு வந்தபோது பெண்களை வழிமறிக்க நின்றவர்களும் அவர்களே. அவர்கள் கையில் நம் வார்த்தை ஆயுதமாகிவிடக் கூடாது என்று வாய்மூடி இருந்தோம். ஆனால் நாம் பேசாத இடத்தில்தான் அவர்கள் பேசுகிறார்கள். முஸ்லிம் பெண்களே முன்னால் நின்று நடத்தும் போராட்டத்தின் பின்னால் போய் நிற்பதுதான் நம் வேலை. அவர்களுக்குப் பதிலாகப் பேசுவது அல்ல. எங்கள் அம்மாக்களும் அந்தத் தடுப்பைப் பிடித்து நின்றவர்கள்தான். எனவே கேட்கும் உரிமை எங்களுக்கும் கொஞ்சம் உண்டு.

அப்பாயி செத்துப் பல வருஷமாகிறது. போன கந்தூரிக்கு அம்மாவோடு நாகூர் போய்விட்டு, திரும்பும் வழியில் அந்தச் சின்ன தர்காவுக்கும் போனேன். மரத் தடுப்பு போய் இப்போது எவர்சில்வர் தடுப்பு வந்திருக்கிறது. அம்மா வழக்கம்போல அதைப் பிடித்துக்கொண்டு நின்று கண்ணை மூடினாள். பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். "ஏம்மா, இதுக்கு மேல உட மாட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள். அவளும் நானும் சேர்ந்து அங்கிருந்த பெரியவரைக் கேட்டோம்.

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் கேட்போம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.