டப்பாவில் எழுதாத சிவப்பு

ஒரு ரெஸிஸ்டர் மேல் போட்டிருக்கும் கோடு சிவப்பா, ஆரஞ்சா என்று சரியாகத் தெரியாததால், பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் ஒரு பழைய மர்ஃபி ரேடியோ புகைந்துவிட்டது. ரேடியோவை ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் என் தாய்மாமன். ரிட்டயர் ஆகிப் பன்னிரண்டு வருஷம். மலையடிவாரத்து ஊர், திண்ணையை ஒட்டி ஒரு சின்ன ரூம், அதில் ஒரு மேஜை, மேஜை நிறைய யார் யார் வீட்டுப் பரணிலிருந்தோ இறங்கி வந்த வால்வு ரேடியோக்கள். காசு வாங்குவதில்லை. பாடினால் போதும் அவருக்கு.

பிரௌன், கறுப்பு, ஆரஞ்சு என்று வரிசையாகக் கோடு இருந்தால் அது பத்தாயிரம் ஓம். கடைசிக் கோடு சிவப்பாக இருந்தால் ஆயிரம்தான். மாமா பத்தாயிரம் என்று நினைத்து வைத்தது ஆயிரம். கரண்டைத் தடுக்கவேண்டிய சமாசாரம், தடுக்கவேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் தடுத்தது. மீதிக் கதை மூக்குக்குத் தெரிந்தது.

"கண்ணு போச்சுங்க மாப்ள. இனிமே இதையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுர வேண்டியதுதான்" என்றார்.

கண் டாக்டரிடம் போயிருக்கிறார். பவர் சரியாகத்தான் இருக்கிறது, வயசுக்குத் தகுந்த கண் என்று அனுப்பிவிட்டாராம். நான் அதே பாக்கெட்டிலிருந்து இன்னொரு ரெஸிஸ்டரை எடுத்து, தலைக்கு மேல் எரிந்த எல்.இ.டி. பல்ப் வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்கு நாற்பத்தேழு வயசு. எனக்கும் தெரியவில்லை. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தேன். செக்கச்செவேல் என்று சிவப்பு.

அந்த பல்ப் வந்த டப்பாவை மாமா பத்திரமாக வைத்திருந்தார். வாரன்டி அதன் முதுகில்தான் அச்சாகியிருக்கிறது. இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது அந்த டப்பாவைத்தான். நாவலுக்கு, சினிமாவுக்கு, ஓட்டல் சாம்பாருக்கெல்லாம் விமரிசனம் எழுதுகிறோம். வீட்டுக்கு வீடு வாங்கும் இந்தக் காகிதத்தை யாரும் சீண்டுவதில்லை. கம்பெனி பெயர் வேண்டாம். எல்லா டப்பாவும் ஒரே ஆசிரியர் எழுதிய மாதிரிதான் இருக்கிறது.

முகப்பில் கட்டை விரல் உயரத்துக்கு '9 வாட்'. வாட் என்பது பல்ப் சாப்பிடுகிற சாப்பாடு. அது தருகிற வெளிச்சத்துக்கு அளவு லூமென். அது பக்கவாட்டில், எறும்பு ஊர்ந்த மாதிரி, 900 என்று இருந்தது. நான் பி.காம். படித்தவன். செலவைக் கொட்டை எழுத்திலும் வரவைப் பொடி எழுத்திலும் போடுகிற கணக்கை இங்கேதான் பார்க்கிறேன்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2015 ஜனவரி 5-ம் தேதி மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதில், 2014 ஆரம்பத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. பெரிய காரியம், வாய் கூசாமல் பாராட்டலாம். ஆனால் எல்.இ.டி. நமக்கு அறிமுகமானதே கரண்ட் பில் வழியாகத்தான். எத்தனை வாட், எத்தனை ரூபாய், எவ்வளவு மிச்சம். டப்பா மேல் இருக்கும் நட்சத்திரங்களும் ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் என்ற கணக்குக்குக் கொடுத்தவை. மிச்சப்படுத்துமா என்று கேட்டால் நட்சத்திரம் பதில் சொல்லும். இந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்க முடியுமா என்று கேட்டால் சொல்லாது.

அந்தக் கேள்விக்கு லக்ஸ் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் வந்து விழும் லூமென்தான் லக்ஸ். ஆபீஸ் மேஜைக்கு 500 லக்ஸ் என்பது பொதுவான கணக்கு. நுணுக்கமான எலெக்ட்ரானிக் வேலைக்கு 1,000. கைக்கடிகார வேலைக்கு 1,500. மாமாவின் 9 வாட் பல்ப், மேஜையிலிருந்து ரெண்டு மீட்டர் உயரத்தில் எரிகிறது. சுவரில் பட்டுத் திரும்புவதைச் சேர்க்காமல் மேஜையில் விழுவது சுமாராக முப்பது லக்ஸ். முப்பது! போதாததற்கு அவர் குனிந்து உட்கார்ந்தால் அதுவும் பிடரியில் விழுகிறது. மேஜைக்கு நிழல்.

இதற்கு எல்லோரும் செய்வது, 9-ஐக் கழற்றிவிட்டு 20 வாட் போடுவது. ரெண்டு மடங்கு சொச்சம் கிடைக்கும். அதே பழைய பல்பை அரை மீட்டர் தூரத்துக்கு இறக்கிப் பாருங்கள். தூரம் நாலில் ஒரு பங்கானால் வெளிச்சம் பதினாறு மடங்கு. முப்பது லக்ஸ் நானூற்று எண்பது ஆகிவிடுகிறது, கரண்ட் ஒரு யூனிட்கூடக் கூடாமல். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று ரெண்டு வைத்தால் ஆயிரத்தை எட்டிப் பிடிக்கலாம், கை நிழலும் கரைந்துவிடும். மாமாவின் வயதுக்கு இது ஆடம்பரமும் இல்லை. இருபது வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. பேரன் வீட்டுப்பாடம் எழுதுகிற வெளிச்சத்தைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, "கண்ணாடியை மாத்துங்க" என்கிறோம்.

சரி, வெளிச்சம் வந்தாயிற்று. சிவப்பு?

பட்டுப்புடவைக் கடையைக் கவனித்திருப்பீர்கள். கல்யாணப் பந்தல் மாதிரி ஜெகஜ்ஜோதியாக இருக்கும். அங்கே நின்றுகொண்டு நம் வீட்டுப் பெண்கள், "கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க" என்று அரக்குப் புடவையை வாசலுக்குத் தூக்கிப் போவார்கள். நான் பலமுறை சிரித்திருக்கிறேன். இப்போது வாபஸ். விஞ்ஞானிகள் சி.ஆர்.ஐ. என்று பெயர் வைத்து அளப்பதைத்தான் அவர்கள் வாசற்படியில் அளந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளை எல்.இ.டி. என்பது பெரும்பாலும் ஒரு நீல எல்.இ.டி., மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அந்தப் பிரகாசமான நீலத்தை 1993-ல் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நாகமுரா செய்துகாட்டினார். (கம்பெனி கொடுத்த போனஸ் 20,000 யென். பிற்பாடு கோர்ட்டுக்குப் போனார். 2005-ல் 84 கோடி யென்னுக்கு ராஜி. 2014-ல் அகாசாகி, அமானோவோடு நோபல் பரிசு.) நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளை. ஆனால் அதில் ஆழ்ந்த சிவப்பு கொஞ்சம்தான். விளக்கில் இல்லாத சிவப்பை ரெஸிஸ்டர் எங்கே போய்க் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கும்?

டப்பாவில் சி.ஆர்.ஐ. 80 என்று இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. 80 நல்ல மார்க்தானே என்று தோன்றும். எட்டு வெளிர் நிறங்களைக் காட்டி, எட்டுக்கும் மார்க் போட்டு எடுத்த சராசரி அது. அடர்ந்த சிவப்பு ஒன்பதாவது பாடம், ஆர்-9 என்று பெயர், சராசரியில் சேராது. சாதாரண 80 பல்ப் அந்தப் பேப்பரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், மைனஸ்கூட வாங்கும். காலேஜில் நானே ஸ்டாட்டிஸ்டிக்ஸை இப்படித்தான் சராசரிக்குள் ஒளித்துவைத்தேன். மாமாவின் பழைய 60 வாட் குண்டு பல்ப் கரண்டைத் தின்று தீர்த்தாலும், சிவப்பைச் சிவப்பாகத்தான் காட்டியது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 6500 கே, 4000 கே என்று போட்டிருப்பது வெளிச்சம் நீலம் ஓடிய வெள்ளையா, மஞ்சளா என்பது மட்டும். அதற்கும் சி.ஆர்.ஐ.க்கும் சம்பந்தமில்லை. நம்மூரில் வெள்ளைவெளேர் என்று இருந்தால்தான் 'நல்ல வெளிச்சம்'. 6500-லும் 90-க்கு மேல் உண்டு. மஞ்சள் பல்பிலும் வெறும் 80 உண்டு.

டப்பா சொல்லாத இன்னொன்று துடிப்பு. மலிவான பல்ப் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். செல்போன் காமிராவைக் கிட்டே காட்டினால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். படிக்கிற மேஜையில் தலைவலியோடு போகும். டிரில், சின்ன லேத் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை: சுற்றுகிற சாமான் மெதுவாகச் சுற்றுவதுபோல, சில வேகத்தில் நின்றுவிட்டதுபோலவே தெரியும். விரலுக்கு அது தெரியாது.

'25,000 மணி நேரம்' என்பதை நான் கற்பனை இலக்கியத்தில் சேர்க்கிறேன். தினம் ஐந்து மணி நேரம் என்றால் பதிமூன்றரை வருஷத்துக்கு மேல் வரவேண்டும். சில்லு வரலாம். அடியில் இருக்கிற டிரைவர் சூட்டில் வெந்து முதலில் போய்விடும். காற்றுப் புகாத குடுவைக்குள் பல்பை மாட்டாதீர்கள்.

பழனி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் போய், "சி.ஆர்.ஐ. தொண்ணூறுக்கு மேல, ஆர்-9 போட்டது" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது நகைக்கடைக்காரங்க கேக்கறதுங்க சார். இந்த வெலையில வராதுங்க. ஆர்டர் போட்டாத் தருவிக்கலாம்" என்றார். நாலு மடங்கு விலை. தங்கத்தை விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது, எந்த வெளிச்சம் வேண்டும் என்று. அவர் பார்க்கும் டப்பாவில் அது பெரிய எழுத்தில் இருக்கும் போல.

ரெண்டு பல்ப் சொன்னேன். 4000 கே, சி.ஆர்.ஐ. 95. பத்து நாளில் வந்தது. மேஜை விளிம்பில் கவ்விக்கொள்ளும் மடக்குக் கை விளக்கு ரெண்டில் மாட்டி, இடமும் வலமுமாக நிறுத்தினோம். மாமா அந்தப் பாக்கெட்டைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து, "ஆயிரம்… பத்தாயிரம்… இதும் ஆயிரம்" என்று வாய்விட்டுப் பிரித்துவைத்தார். மூட்டை கட்டுவது பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

காபி கொண்டுவந்த அத்தை விளக்கைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ரேடியோவுக்கு ரெண்டு வெளக்கு. நா அரிசியில கல்லுப் பொறுக்கறது, காய் அரியறது எல்லாம் எந்த வெளிச்சத்துலயாம்?"

உள்ளே போய்ப் பார்த்தேன். சமையல் மேடைக்கு எதிர்ச்சுவரில், உயரத்தில், அதே 9 வாட். அத்தை மேடை முன்னால் நின்றால் அரிவாள்மணை, தட்டு, விரல் எல்லாம் அவர் நிழலுக்குள். முப்பது வருஷமாக அங்கேதான் சமைக்கிறார். மாமா டேப் எடுத்துவந்து, ஒன்றும் பேசாமல், மேடைக்கு மேல் இருந்த அலமாரியின் அடிப்பக்கத்தை அளந்தார். நான் கடைக்காரருக்கு போன் போட்டு இன்னும் ரெண்டு சொன்னேன்.